பணம் கொடுத்துவிட்டால் விதிகள் வேண்டாமா?

சம்பாதிக்கிறவரோ இல்லையோ, ஒவ்வொருவருக்கும் அரசே ஒரு தொகையைத் தவறாமல் கொடுக்க வேண்டும்; எல்லோருக்கும் அடிப்படை வருமானம் என்ற இந்தப் பேச்சு எழுந்ததும், அதை முதலாளித்துவத்துக்கு எதிரான கோரிக்கையாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கோரிக்கையின் வரலாற்றைப் புரட்டினால் கிடைக்கும் பெயர்கள் வேறு கதை சொல்கின்றன. தடையற்ற சந்தைக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடிய மில்டன் ஃப்ரீட்மன், ஒரு வரம்புக்குக் கீழே சம்பாதிப்பவர்களிடம் அரசு வரி வாங்காமல் அவர்களுக்குப் பணம் தர வேண்டும் என்று 1962-இல் எழுதினார்; அதற்கு ‘எதிர்மறை வருமான வரி’ என்று பெயர். அரசின் திட்டமிடல் அடிமைத்தனத்தில்தான் முடியும் என்று எச்சரித்த ஃப்ரீட்ரிக் ஹாயெக்கும், எவரும் ஒரு குறைந்தபட்ச நிலைக்குக் கீழே விழாதபடி அரசு காப்பதை ஏற்றுக்கொண்டார். இன்னொரு பக்கத்தில், மார்ட்டின் லூதர் கிங் தம் வாழ்நாளின் இறுதியில், 1967-இல், வறுமையை ஒழிக்க நேரடியான வழி உத்தரவாதமான வருமானம்தான் என்று வாதிட்டார். அடுத்த ஆண்டில் பால் சாமுவேல்சன், ஜான் கென்னத் கால்பிரெய்த் உள்ளிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இதே கோரிக்கையுடன் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். 1969-இல் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபர் ரிச்சர்ட் நிக்சன், குழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு வருமான உத்தரவாதம் அளிக்கும் திட்டத்தை முன்வைத்தார்; பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய அத்திட்டம் செனட்டில் முடங்கிப்போனது.

இவ்வளவு முரண்பட்டவர்கள் ஒரே இடத்தில் வந்து நிற்பதை ஒற்றுமை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கொடுக்கப்படும் பணம் ஒன்றுதான் என்றாலும், அதைக் கொடுத்த பிறகு எவையெல்லாம் எடுக்கப்படும் என்பதில் அவர்கள் எதிரெதிராக நிற்கிறார்கள். ஒரு தரப்பு, கையில் பணம் கொடுத்துவிட்டால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், வாடகைக் கட்டுப்பாடு, தொழிலாளர் பாதுகாப்பு விதிகள், பொது மருத்துவம், உணவு மானியம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம் என்று கணக்குப் போடுகிறது. அமெரிக்காவில் சார்லஸ் மர்ரி என்ற அரசியல் எழுத்தாளர், 2006-இல், வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 10,000 டாலர் கொடுத்துவிட்டு மற்ற உதவித் திட்டங்கள் அனைத்தையும் மூடிவிட வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதினார். இந்தியாவின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை அடிப்படை வருமானத்துக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியபோது, அதுவும் நடைமுறையில் உள்ள பல நலத்திட்டங்களுக்கு மாற்றாகவே அந்த யோசனையைப் பரிசீலித்தது. மற்றத் தரப்பு, இருக்கும் பாதுகாப்புகளுக்கு மேல் ஒரு தளமாக இந்தப் பணத்தைக் கேட்கிறது.

நான் அடிப்படை வருமானத்தை ஆதரிக்கிறேன். ஆனால் ‘பணத்தை வாங்கிக்கொள், விதிகளை விட்டுக்கொடு’ என்ற பேரத்தை ஏற்கவில்லை. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பதுதான் இந்த விவாதத்தின் பெரிய பிழை என்பது என் எண்ணம். ஒன்று இல்லாத இடத்தில் மற்றது எப்படி வீணாகிறது என்பதை இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில் சந்தையைப் பற்றி. அரசு தலையிடாத இயற்கையான சந்தை என்று ஒன்று முன்பே இருந்தது, பிறகு அரசு வந்து அதில் கைவைத்தது என்ற சித்திரம் எங்கும் பரவியிருக்கிறது. ஒரு நிறுவனம் நொடித்துப்போனால் அதன் பங்குதாரர் தாம் போட்ட முதலை மட்டுமே இழப்பார், அவருடைய வீட்டையும் நிலத்தையும் கடன்காரர்கள் தொட முடியாது என்ற ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். அது இயற்கையில் முளைத்ததல்ல. பிரிட்டனில் 1855-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்தப் பாதுகாப்பைப் பொதுவாக்கியது. காப்புரிமை, திவால் சட்டம், ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் நீதிமன்றம் ஆகியவை எல்லாமே விதிகள்தான். முதலீட்டாளருக்கு நட்டத்தின் எல்லையை வரையறுத்துக் கொடுக்கும் சட்டத்தைச் சந்தையின் அடித்தளம் என்றும், தொழிலாளிக்கு வேலை நேரத்தின் எல்லையை வரையறுத்துக் கொடுக்கும் சட்டத்தைத் தலையீடு என்றும் அழைப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று எனக்குப் புரிந்ததேயில்லை. ஆகவே, விதி வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதில் பயனில்லை. எந்த விதி, யாருக்காக, யார் கண்காணிப்பில் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அதே சமயம், முதலாளித்துவத்தை ஆதரிப்பவர்களின் மிக வலுவான வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். அவர்கள் செல்வப் பெருக்கத்தைப் பற்றிப் பேசுவதைவிட, சம்மதத்தைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்கு அவர்கள் பக்கத்து நியாயம் தெரிகிறது. விற்பவரும் வாங்குபவரும் தத்தம் விருப்பப்படி உடன்படுகிறார்கள், யாரும் யாரையும் அதட்டி வேலை வாங்கவில்லை, பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்கிறார்கள். எதை உற்பத்தி செய்வது, யார் எங்கே வேலை செய்வது என்பதையெல்லாம் மேலிருந்து ஆணையிட்ட சமூகங்கள் எவ்வளவு கொடுமைகளில் போய் முடிந்தன என்பதை அறிந்த எவரும் இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ‘சரி’ என்ற சொல்லுக்கு மதிப்பு வருவதே ‘மாட்டேன்’ என்று சொல்ல முடிகிற நிலையில்தான். இன்று மறுத்தால் நாளை அடுப்பு எரியாது என்ற நிலையில் இருப்பவர் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று சட்டம் ஏற்கலாம், மனச்சாட்சி ஏற்காது. அப்படிப் பார்த்தால், அடிப்படை வருமானம் சந்தையின் மீது வெளியிலிருந்து சுமத்தப்படும் பாரம் ஆகாது. சந்தை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருமை உண்மையாவதற்கு வேண்டிய முன்நிபந்தனை அது.

மறுக்கும் ஆற்றல் இல்லாத இடத்தில் பணத்தை மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் அரிய சான்று இருக்கிறது. 1795-ஆம் ஆண்டு மே 6 அன்று, பெர்க்ஷயர் மாவட்டத்தின் நீதிபதிகள் ஸ்பீனம்லாண்ட் என்ற ஊரில் பெலிக்கன் என்ற விடுதியில் கூடினார்கள். விளைச்சல் பொய்த்திருந்தது, பிரான்சுடன் போர் நடந்துகொண்டிருந்தது, ரொட்டி விலை விவசாயக் கூலிகளின் வருமானத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. பழைய சட்டங்களின்படி கூலியை நிர்ணயிக்கும் அதிகாரம் நீதிபதிகளிடம் இருந்தது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவது உசிதமல்ல என்று முடிவு செய்த அவர்கள், கூலியை உயர்த்தித் தருமாறு பண்ணையாளர்களுக்கு ஒரு பரிந்துரையை மட்டும் செய்துவிட்டு, ரொட்டி விலையோடு இணைத்து ஓர் உதவி அட்டவணையைத் தயாரித்தார்கள். எட்டு பவுண்டு பதினொரு அவுன்ஸ் எடையுள்ள ஒரு ரொட்டி ஒரு ஷில்லிங் விற்றால், உழைக்கும் ஏழை ஒருவருக்கு வாரத்துக்கு மூன்று ஷில்லிங்கும், அவருடைய மனைவிக்கும் குடும்பத்தில் மற்ற ஒவ்வொருவருக்கும் ஒன்றரை ஷில்லிங்கும் கிடைத்தாக வேண்டும். கூலி அதற்குக் குறைவாக இருந்தால் மீதியை ஊரின் வரிப்பணம் ஈடுகட்டும். ரொட்டி விலை ஏறினால் தொகையும் ஏறும். குறைந்தபட்ச ஊதியத்தைச் சட்டமாக்க சாமுவேல் விட்பிரெட் என்ற உறுப்பினர் அதே குளிர்காலத்தில் கொண்டுவந்த மசோதாவை, பிரதமர் வில்லியம் பிட்டின் எதிர்ப்பால், நாடாளுமன்றம் நிராகரித்தது. ஆக, கூலியைப் பற்றிய விதி வேண்டாம், பணம் கொடுத்துச் சமாளிப்போம் என்பதுதான் அன்றைய முடிவு.

பிறகு நடந்ததை மதிப்பிடுவதில் வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை வேறுபடுகிறார்கள். ஏழைகளைச் சோம்பேறிகளாக்கியது இந்தத் திட்டம்தான் என்று 1834-இல் ஓர் அரச ஆணையம் அறிக்கை கொடுத்தது. அதன் பேரில் வந்த சட்டம் உடல் வலுவுள்ள ஏழைகளுக்கு வீட்டிலிருந்தபடி உதவி பெறும் வழியை அடைத்து, அவர்களைக் கடுமையான ஏழையர் விடுதிகளுக்குள் தள்ள முனைந்தது. அந்த அறிக்கை முன்முடிவோடு எழுதப்பட்டது என்பதை மார்க் பிளாக் போன்ற ஆய்வாளர்கள் 1960-களில் எடுத்துக்காட்டினார்கள். ஆயினும் நிக்சனின் திட்டம் பரிசீலனையில் இருந்தபோது, ஸ்பீனம்லாண்ட் அனுபவத்தைச் சுட்டிக்காட்டி அவருடைய ஆலோசகர் ஒருவர் குறிப்பு எழுதி எச்சரித்தார். ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விடுதியில் எடுக்கப்பட்ட முடிவு வெள்ளை மாளிகை வரை வந்து குறுக்கே நின்றது என்பது, ஏழைகளைப் பற்றிய கதைகளுக்கு எவ்வளவு ஆயுள் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

சோம்பேறித்தனம் பற்றிய கதையைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தத் திட்டத்தின் அமைப்பைக் கூர்ந்து பார்ப்போம். பண்ணையாளர் கூலியைக் குறைத்தால் குறைந்த பகுதியை வரிப்பணம் நிரப்பிவிடும். கூலி கூடினால் உதவி அதே அளவுக்குக் குறைந்துவிடும். எனவே கூலியை உயர்த்த முதலாளிக்கும் காரணமில்லை, உயர்த்தச் சொல்லிக் கேட்கத் தொழிலாளிக்கும் காரணமில்லை. ஒன்றுகூடிக் கேட்கலாம் என்றால், 1799-லும் 1800-லும் வந்த சட்டங்கள் தொழிலாளர்கள் சேர்ந்து கூலி உயர்வு கேட்பதையே குற்றமாக்கியிருந்தன. 1824 வரை அந்தத் தடை நீடித்தது. வேறு ஊருக்குப் போகலாம் என்றால், போன ஊரில் உதவி கேட்கும் நிலை வந்தால் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பும் குடியிருப்புச் சட்டங்கள் இருந்தன. பணம் கொடுக்கப்பட்டது, ஆனால் சேர்ந்து நிற்கும் உரிமையும், விலகிப்போகும் வழியும், கூலிக்கான கீழ்வரம்பும் ஒருசேர மறுக்கப்பட்டிருந்தன. அந்தப் பணம் தொழிலாளியின் கைவழியாகப் பண்ணையாளரின் பைக்குப் போனதில் வியப்பில்லை. இன்று விதிகளை நீக்கிவிட்டுப் பணம் தரலாம் என்று சொல்பவர்கள், பாதி உடம்போடு இருக்கும் அதே திட்டத்தைத்தான் புதிய பெயரில் நீட்டுகிறார்கள்.

அடிப்படை வருமானத்தின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. அது கூலியின் பள்ளத்தை நிரப்பும் தொகை அன்று. சம்பாதித்தாலும் சம்பாதிக்காவிட்டாலும் அப்படியே கையில் நிற்கும் தொகை. ‘பணக்காரருக்கும் ஏன் கொடுக்க வேண்டும், அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது’ என்ற கேள்வி உடனே வரும். இதை நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் பலர் கைவிட்டுவிடுகிறார்கள் என்பதால் ஒரு சிறிய கணக்கைக் காட்டுகிறேன். நூறு பேர் உள்ள ஒரு சமூகத்தில், மாதம் 400 சம்பாதிப்பவர்கள் 50 பேர், 1,000 சம்பாதிப்பவர்கள் 30 பேர், 2,500 சம்பாதிப்பவர்கள் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வருமானம் ஒரு லட்சம். ஒவ்வொருவருக்கும் 250 கொடுப்பதானால் 25,000 வேண்டும். அதற்காக எல்லோரிடமும் வருமானத்தில் 25 சதவீதம் வரி வாங்குகிறோம். 400 சம்பாதிப்பவர் 100 வரி கட்டி 250 பெறுகிறார்; அவருக்கு மிச்சம் 150. ஆயிரம் சம்பாதிப்பவர் கட்டுவதும் பெறுவதும் சமம். 2,500 சம்பாதிப்பவர் 625 கட்டி 250 பெறுகிறார்; அவர் கையிலிருந்து போவது 375. ஐம்பது பேருக்குத் தலா 150 என்றால் 7,500. இருபது பேரிடமிருந்து தலா 375 என்றாலும் அதே 7,500. அதாவது 25,000 என்று பயமுறுத்தும் செலவில், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு உண்மையில் இடம் மாறுவது 7,500 மட்டுமே. பணக்காரர் வாங்கும் 250, அவர் கட்டும் வரியிலேயே அடங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கில் மறைந்திருக்கும் சுமையையும் சொல்லியாக வேண்டும். பள்ளி, மருத்துவமனை, சாலை ஆகியவற்றுக்கான வரிக்கு மேலே இந்த 25 சதவீதம் வருகிறது. நடுத்தர வருமானக்காரர் ஒருவர் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறிலும் கணிசமான பகுதி போய்விடும். இது உண்மையான விலை. ஆனால் ஏழைகளுக்கு மட்டும் என்று வரம்பு வைக்கும் திட்டங்களில் இந்த விலை இல்லாமல் போய்விடவில்லை. அது ஏழைகளின் தலையில் விழுகிறது. ஐந்நூறுக்குக் குறைவாகச் சம்பாதிப்பவருக்கு ஐந்நூறு வரை ஈடுகட்டித் தருவோம் என்று ஒரு திட்டம் சொன்னால், 400 சம்பாதிப்பவருக்கு 100 கிடைக்கும். வேலையே செய்யாதவருக்கு 500 கிடைக்கும். முன்னவர் மாதம் முழுவதும் உழைத்து ஈட்டிய 400-க்கு ஒரு காசுகூடப் பலன் இல்லை. நூறு சதவீத வரி என்று யாரும் அதை அழைப்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

பணம் கொடுத்தால் மனிதர்கள் வேலையை விட்டுவிடுவார்களா என்பது அடுத்த கேள்வி. கனடாவின் மானிடோபா மாநிலத்தில் டோஃபின் என்ற சிற்றூரில் 1970-களின் நடுவில் உத்தரவாத வருமானச் சோதனை நடந்தது. ஆட்சி மாறியதும் தரவுகள் பெட்டிகளில் அடைக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் கிடந்தன. பொருளியலாளர் எவலின் ஃபோர்ஜே பின்னாளில் ஆராய்ந்து, 2011-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஒப்பீட்டுக் குழுவைவிட அங்கே மருத்துவமனைச் சேர்க்கைகள் 8.5 சதவீதம் குறைந்திருந்தன. இளைஞர்கள் படிப்பை இடையில் விடாமல் தொடர்ந்தார்கள். பின்லாந்து 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்தபோது, அவர்கள் வேலை செய்த நாட்கள் குறையவில்லை, சற்றே கூடின. மன அழுத்தம் குறைந்தது. இவற்றைச் சொல்லிவிட்டு, அமெரிக்காவில் 2024-இல் வெளியான ஆய்வை மறைப்பது நேர்மையாகாது. குறைந்த வருமானமுள்ள ஆயிரம் பேருக்கு மூன்று ஆண்டுகள் மாதம் 1,000 டாலர் கொடுத்த அந்த ஆய்வில், அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 1.3 மணி நேரம் குறைவாக வேலை செய்தார்கள். மிச்சமான நேரத்தில் பெரும்பகுதி ஓய்வுக்கே போனது. எனக்கு இது சங்கடமான முடிவாகத் தோன்றவில்லை. இரண்டு வேலைகளுக்கு இடையே ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினால், அதைச் சமூகத்தின் நட்டக்கணக்கில் எழுத வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் குறுகிய காலச் சோதனைகள் எவையும், ஒரு தலைமுறை முழுவதும் இந்த உத்தரவாதத்தோடு வளர்ந்தால் என்ன ஆகும் என்பதை நமக்குச் சொல்லிவிட முடியாது.

இனி, பணம் எட்டாத இடங்கள். பெட்ரோலில் ஈயம் கலப்பது 1920-களில் தொடங்கியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா அதன் விற்பனையை நிறுத்தியது 2021-இல். இடைப்பட்ட காலத்தில் அந்தக் காற்றைச் சுவாசித்த குழந்தைகளின் பெற்றோருக்கு எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும், ஈயமில்லாத காற்றை அவர்களால் தனியாக வாங்கியிருக்க முடியாது. ஆற்றில் கலக்கும் கழிவு, மருந்தில் உள்ள கலப்படம், வங்கி எடுக்கும் மறைமுக அபாயம் ஆகியவை எல்லாம் இப்படித்தான். தனிமனிதர் மறுக்க வாய்ப்பில்லாத இடங்களில், எல்லோர் சார்பிலும் மறுப்பதற்காகத்தான் விதிகள் இருக்கின்றன.

ஆனால் விதி எழுதப்பட்டுவிட்டால் போதாது என்பதை இங்கிலாந்தின் ஆலைச் சட்டங்களே காட்டின. 1802-இல் வந்த முதல் சட்டத்துக்கு முறையான ஆய்வாளர்கள் இல்லை. அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. 1833-இல் வந்த சட்டம்தான் நான்கு ஆய்வாளர்களையாவது நியமித்தது. ஓர் ஆய்வாளரின் கண்ணுக்கு எட்டாததை அங்கே வேலை செய்பவர் சொன்னால்தான் உண்டு. சொல்பவருக்கு வேலை போனால் பிழைக்க வழி இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அடிப்படை வருமானமும் கட்டுப்பாடும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன.

டாக்காவுக்கு அருகே சாவர் என்ற ஊரில் இருந்த ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று விரிசல்கள் தெரிந்தன. கீழ்த்தளங்களில் இருந்த கடைகளும் ஒரு வங்கிக் கிளையும் உடனே மூடப்பட்டன. மேல்தளங்களில் இருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் மறுநாள் காலை வேலைக்கு வரும்படி பணிக்கப்பட்டார்கள். வராவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும் என்ற மிரட்டலும் இருந்தது. ஏப்ரல் 24 அன்று கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். மேல்தளங்கள் உரிய அனுமதி இல்லாமல் எழுப்பப்பட்டவை; அதாவது விதி இருந்தது, மீறப்பட்டது. விரிசல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதாவது தகவலும் இருந்தது. ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி ஊழியர் அடுத்த நாள் வரவேண்டியிருக்கவில்லை, தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் பெண் வரவேண்டியிருந்தது. ஒரு மாதச் சம்பளத்தை இழந்தாலும் குடும்பம் பட்டினி கிடக்காது என்ற நிலை அவர்களுக்கு இருந்திருந்தால், அன்று காலை அந்தப் படிகளில் ஏறாமல் திரும்பிப்போனவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

அதற்காக, பணம் மட்டுமே அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்றும் சொல்ல முடியாது. விரிசல் வெளியே தெரிந்தது ஒரு நாள்தான். தூண்கள் தாங்க முடியாத பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தது பல ஆண்டுகள். அதைத் தொழிலாளியால் கண்டுபிடிக்க முடியாது; கட்டடப் பொறியாளர் ஒருவர் சோதித்துச் சொல்ல வேண்டும், சொன்னதற்குச் சட்ட வலிமை இருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு அடுத்த மாதமே ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாட்டில் சுதந்திரமான கட்டட ஆய்வுகள் இடம்பெற்றன. அதோடு, பாதுகாப்பற்ற வேலையை மறுக்கும் தொழிலாளியின் உரிமையும் எழுதப்பட்டது. இரண்டும் ஒரே ஆவணத்தில் இடம்பெற்றதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவருக்குச் சோறு போடுவது யார் என்பதுதான் இன்னும் எழுதப்படாத பகுதி.

கட்டுப்பாடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பவர்களிடமும் எனக்குச் சொல்ல இருக்கிறது. பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1971-இல், கட்டுப்பாடுகளை யார்மீது விதிக்கிறோமோ அந்தத் தொழில்களே பல சமயம் அவற்றைத் தங்களுக்குச் சாதகமாக வளைத்துக்கொள்கின்றன என்று வாதிட்டார். நியூயார்க் நகரம் 1937-இல் டாக்சி உரிமங்களுக்கு உச்சவரம்பு வைத்தது. தெருவில் நிலவிய கட்டற்ற போட்டியை ஒழுங்குபடுத்தவே அது வந்தது. காலப்போக்கில், உரிமத்தின் அடையாளமாகக் காரில் பொருத்தப்படும் உலோக வில்லையே ஒரு சொத்தாக மாறி, 2014 வாக்கில் ஒன்றின் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. கடன் வாங்கி அதை வாங்கிய ஓட்டுநர்கள், செயலிவழி வாடகைக் கார்கள் வந்து விலை சரிந்தபோது நிர்க்கதியானார்கள். இத்தகைய விதிகளை நீக்குவது கடினமாவதற்கு, அவற்றால் கொழுக்கிறவர்களின் செல்வாக்கு மட்டும் காரணமில்லை. அந்த விதி போனால் தன் குடும்பம் போய்விடும் என்று அஞ்சும் சாமானியர்களும் அதைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். காலாவதியான விதிகளையும் அழியவேண்டிய தொழில்களையும் விட்டுவிடும் துணிச்சல், விழுந்தாலும் தாங்கும் தளம் உள்ள சமூகத்துக்குத்தான் வரும். சந்தை ஆதரவாளர்கள் விரும்பும் மாற்றங்களுக்கே அடிப்படை வருமானம் துணை செய்யும் என்பதை அவர்கள் கவனித்தால் நல்லது.

வீட்டு வாடகை இந்த விவாதத்தில் போதிய அளவு பேசப்படாத பகுதி. எல்லோர் கையிலும் மாதந்தோறும் ஒரு தொகை சேர்கிறது, ஆனால் வீடுகளின் எண்ணிக்கை கூடவில்லை என்றால், அந்தத் தொகையின் ஒரு பகுதியை நில உடைமையாளர் வாடகையாக இழுத்துக்கொள்வார். ஸ்பீனம்லாண்டில் பண்ணையாளரின் பைக்குப் போனது, இங்கே வீட்டுக்காரரின் பைக்குப் போகும். இதைத் தடுக்க வீடுகளைப் பெருக்கும் கொள்கையும் நிலத்தின் மீதான வரியும் வேண்டும். அரசியல் சிந்தனையாளர் தாமஸ் பெய்ன் இந்தத் தொடர்பை 1797-லேயே கண்டிருந்தார். நிலம் இயற்கையில் எல்லோருக்கும் பொது என்பதால், அதைத் தனியுடைமையாக வைத்திருப்பவர்கள் சமூகத்துக்கு ஒரு வாடகை கடன்பட்டிருக்கிறார்கள் என்று வாதிட்ட அவர், அந்த நிதியிலிருந்து 21 வயதாகும் ஒவ்வொருவருக்கும் 15 பவுண்டும், 50 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் 10 பவுண்டும் கொடுக்கச் சொன்னார். அது தருமம் அன்று, உரிமை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அடிப்படை வருமானத்துக்கான நிதி எங்கிருந்து வர வேண்டும் என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் இன்றும் இதுவே. உழைப்பின் மீதான வரியைவிட, யாரும் உருவாக்காத நிலத்தின் மீதும் கனிமங்களின் மீதும் ஏறும் மதிப்பிலிருந்து அது வருவது நியாயம்.

அப்படி வந்தாலும் பாதுகாப்பு உறுதியில்லை என்பதற்கு இரண்டு இடங்களின் அனுபவத்தைப் பார்க்கலாம். ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள், ரொட்டி ஆகியவற்றின் மானியத்தை வெட்டி, அதற்கு ஈடாகத் தலைக்கு மாதம் 4,55,000 ரியால் கொடுக்கத் தொடங்கியது. மக்கள் வேலையை விட்டுவிடவில்லை என்று பிறகு வந்த ஆய்வு காட்டியது. ஆனால் தொகை பல ஆண்டுகள் அதே இடத்தில் நிற்க, விலைவாசி பன்மடங்கு ஏறி அதன் மதிப்பைத் தின்றுவிட்டது. சட்டம் எதையும் திருத்தாமலே, யாரும் வாக்களிக்காமலே, உதவி கரைந்துபோனது. ரொட்டி விலையோடு தொகையைக் கட்டிவைத்த பெர்க்ஷயர் நீதிபதிகள் இந்த ஒரு விஷயத்தில் முன்யோசனை உள்ளவர்களாக இருந்தார்கள்.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் எண்ணெய் வருவாயின் ஒரு பகுதியை நிரந்தர நிதியில் சேர்க்க 1976-இல் தன் அரசியலமைப்பைத் திருத்தியது. 1982 முதல் ஆண்டுதோறும் அங்கே நிலையாக வசிப்பவர்களுக்கு, குழந்தைகள் உட்பட, ஈவுத்தொகை வழங்கிவருகிறது. உலகில் நெடுங்காலமாக நடைபெறும் இத்தகைய ஏற்பாடு இதுவே என்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. எண்ணெய் விலை வீழ்ந்து மாநிலத்தின் கஜானா ஒட்டியபோது, 2016-இல், ஆளுநர் பில் வாக்கர் தம் ரத்து அதிகாரத்தால் அந்த ஆண்டின் ஈவுத்தொகையை ஏறத்தாழப் பாதியாக வெட்டினார். ஒவ்வொருவருக்கும் கிடைத்தது 1,022 டாலர். வழக்கு மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நிதியை அரசியலமைப்பு காக்கிறது, ஆனால் ஈவுத்தொகையை அது காக்கவில்லை. மற்ற எந்தச் செலவையும் போல அதுவும் ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் ஒதுக்கீட்டுக்கும் ஆளுநரின் ரத்துக்கும் உட்பட்டதுதான் என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு கொடுப்பது என்பது அம்மாநில அரசியலின் முக்கியச் சண்டையாகிவிட்டது.

விதிகளுக்குப் பதிலாகப் பணம் என்று பேரம் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது இந்தத் தீர்ப்பைப் பற்றித்தான். கழற்றப்படும் சட்டங்கள் திரும்ப வருவதற்கு ஒரு தலைமுறை ஆகும். கொடுக்கப்படும் தொகையோ ஒரு வரவுசெலவுத் திட்டத்தில் பாதியாகிவிடும். ஆகவே தொகையை விலைவாசியோடு இணைக்கும் சூத்திரமும், அதை ஆண்டுதோறும் பேரம் பேச முடியாத இடத்தில் வைக்கும் அரசியலமைப்புப் பாதுகாப்பும், நிலத்திலிருந்தும் கனிமத்திலிருந்தும் வரும் தனி நிதியும் முதலில் எழுதப்படட்டும். குறைந்தபட்ச ஊதியத்தையும் ஆலை ஆய்வாளரையும் சங்கம் சேரும் உரிமையையும் தொடாமல், அவற்றுக்கு மேலே அது எழுதப்படட்டும். அந்த ஏற்பாடு பல ஆண்டுகள் நின்று நிலைத்த பிறகு, இனித் தேவையில்லாத விதி எது என்பதை, அந்த விதியின் கீழ் வேலை செய்பவர்கள் பட்டினிக்கு அஞ்சாமல் வாயைத் திறந்து சொல்லட்டும்.